உயர்ந்த வாசல்

அக்காலப் போலந்தில் பிரபு வம்சத்தில் ஒருவர் இறந்தால், அவருடைய கவசத்தை அணிந்த ஒருவன் குதிரையில் தேவாலயத்துக்குள் பாய்ந்து வந்து சவப்பெட்டியின் முன் தடாலென்று விழுவான். அவன் விழுந்த பிறகுதான் அடக்கம். தன் சாவன்று குதிரைக்காரன் குனியாமல் நுழையட்டும் என்றே, ஹீரோனிம் பிரபு தான் கட்டிய தேவாலயத்தின் வாசலை உயர்த்தி வைத்திருந்தார். முதலில் அதில் நுழைந்ததோ அவர் மகன் கஸ்பரின் கவசம். கிழவர் ஓடிப்போய்க் குதிரைமேலிருந்தவனின் காலைக் கட்டிக்கொண்டார்.

“விழாதடா.”

“எசமான், நான் லாயத்துத் தோமாஷ்,” என்றது தலைக்கவசத்துக்குள்ளிருந்து ஒரு குரல்.

“தெரியும். முகத்தைக் காட்டாத. பேசாத. இப்படியே திரும்பி வெளியே போயிடு.”

தோமாஷ் கடிவாளத்தை வாசல் பக்கம் இழுத்தான். கஸ்பரின் குதிரை திரும்பவில்லை. காலை விடாத கிழவரையும் இழுத்துக்கொண்டு அது சவப்பெட்டியை நோக்கி நடந்தது.