திருநாள் சேலை

ஊர்க் கால்பந்து அணியில் இடம்பிடிக்க பெனிட்டா இன்னும் அரை நொடி குறைத்து ஓட வேண்டியிருந்தது. முதுகில் குட்டிப் பாராசூட் கட்டி ஓடினால் வேகம் கூடும் என்று கோச் சகாயம் செல்போனில் காட்டியிருந்தார். அதற்கு எங்கே போவது? அம்மாவின் பச்சைப் பட்டுச்சேலையை எடுத்து வந்து, இரு முனைகளையும் இடுப்பில் கட்டிக்கொண்டு கடற்கரை மணலில் ஓடினாள். சேலை பாய்போலப் புடைத்து அவளைப் பின்னால் இழுத்தது.

"ஏட்டி, நில்லு! நாளைக்குத் திருநாளுக்குக் கட்டுத சேலைட்டி அது!"

திரும்பினால், கையில் செருப்போடு அம்மா ஓடி வந்துகொண்டிருந்தாள். பெனிட்டா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள். முடிவுக் கோட்டைத் தாண்டி அவள் குப்புற விழுந்தபோது சேலை அம்மாவின் பிடியில் இருந்தது.

கோட்டருகே நின்றிருந்த கோச் கடிகாரத்தைப் பார்த்துத் துள்ளினார். "அரை நொடி குறைஞ்சாச்சு பிள்ளே! அதுவும் சேலையோட!"

பிறகுதான் அம்மாவைப் பார்த்தார். "அக்கா, நீங்க எங்க இருந்து ஓடி வாறீங்க?"

அம்மா மூச்சு வாங்கக் கையை நீட்டினாள். தொடக்கக் கோட்டுக்கும் வெகு பின்னால், கரையேற்றிய வள்ளங்களைக் காட்டியது அந்த விரல்.

கோச் கடிகாரத்தைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்து, அம்மாவுக்குத் தொடக்கக் கோட்டைக் காட்டினார். அம்மா செருப்பைக் கீழே போட்டாள்.