ஒரு வயிறு, இரண்டு டாக்டர்

ஒரு வயிறு, ஒரே நாள், இரண்டு டாக்டர். நீங்களாக இருந்தால் எத்தனை ஃபீஸ் போடுவீர்கள்?

ஆஸ்பத்திரி பில் கவுன்டருக்குப் புதிதாக வந்த பெண்ணுக்கு அன்றைக்கு அதுதான் தலைவலி. ஒரே பிரிவு டாக்டர்கள் இருவர், ஒரே நோயை, ஒரே நாளில் பார்த்தால் ஒரு ஃபீஸ்தான். இரண்டாமவர் புதிதாக எதையாவது கவனித்திருந்தால் மட்டும் இரண்டு. ஏற்கெனவே அவள் போட்ட பில் ஒன்றை இன்சூரன்ஸ்காரர்கள் திருப்பி அனுப்பியிருந்தார்கள். "அடுத்தது திரும்பி வந்தா நீயும் வீட்டுக்குத் திரும்பிடலாம்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

நேராக நோயாளியிடமே போனாள். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வயிற்றுப்புண்.

"ஐயா, நேத்து காலையில லேடி டாக்டர் பாத்தாங்க. சாயங்காலம் இன்னொரு டாக்டரும் வந்தாராமே, அவரு புதுசா என்ன பாத்தாரு?"

"வந்தாரு. உக்காந்தாரு. பேசினாரு. போனாரு."

"என்ன பேசினாரு?"

"அதை மட்டும் கேக்காத கண்ணு. சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

நோயாளியின் ரகசியத்தை டாக்டர் காப்பாற்றுவார் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். இது என்ன தலைகீழாக இருக்கிறது?

லேடி டாக்டரிடம் ஓடினாள். "அவரு எதுக்குப் போனாருன்னு என்னைக் கேட்டா? அவரையே கேளு!"

சாயங்காலம் வந்த டாக்டரிடம் ஓடினாள். "எல்லாம் தெரிஞ்சவங்க அவங்கதானே? அங்கயே கேட்டுக்கோம்மா!"

கீரியும் பாம்பும் ஒரே பிரிவில் இருந்தால் பில் போடுகிறவள் பாடு திண்டாட்டம்தான். மறுபடி டிரைவர் கட்டிலுக்கு வந்து நின்றாள். கண் கலங்கிவிட்டது.

"ஐயா, என் வேலை போயிடும்."

டிரைவர் தாடையைச் சொறிந்தார். "ஒரு வண்டிக்கு ரெண்டு ஸ்டீயரிங்னா இப்படித்தான். ரெண்டு பேரையும் ஒண்ணா இங்க வரச்சொல்லு. ஃபீஸ் யாருக்குன்னு அவங்களே பேசித் தீத்துக்கட்டும்."

வந்தார்கள். ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"டிரைவர், நீங்களே சொல்லுங்க" என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

டிரைவரிடமிருந்து குறட்டைதான் வந்தது.

அவள் நைசாக வெளியே நழுவிக் கதவைச் சாத்தினாள். உள்ளே முதலில் சத்தம். அப்புறம் முணுமுணுப்பு. அப்புறம் மூச்சுப் பேச்சில்லை. ஐயோ, யார் யாரை என்ன செய்தார்களோ என்று அவள் பதறும்போது, சிரிப்புச் சத்தம் கேட்டது.

கதவைத் திறந்துகொண்டு லேடி டாக்டர் வந்தார். "ஒரு ஃபீஸ் போதும்மா."

"யார் பேர்ல போடட்டும் டாக்டர்?"

"யார் பேர்ல போட்டா என்ன? ஒரே வீட்டுக்குத்தானே வரப்போகுது!"

அவள் வாயைப் பிளந்தாள். டாக்டர்கள் போனதும் டிரைவர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார்.

"புருஷன் பொண்டாட்டின்னு உனக்குத் தெரியாதா? ஒரு வாரமா பேச்சு கிடையாது. என் வயித்தைச் சும்மா ஒரு அமுக்கு. அப்புறம், 'அவரு நேரத்துக்குச் சாப்பிட்டாரான்னு கேட்டு வைங்க'ம்பாங்க அந்தம்மா. 'அவளுக்குத் தலைவலி விட்டுச்சான்னு கேட்டீங்களா'ம்பாரு இவரு."

மறுநாள் காலை இரண்டு டாக்டர்களும் ஒரே ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்கள். டிரைவரைப் பார்க்க மதியம் வரை ஒருவரும் வரவில்லை.