‘நான்’ சொன்னால் இருபது தண்டால்

மைதானத்துச் சிமெண்ட் பெஞ்சு காலியாகக் கிடந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி புல்தரையில் உட்கார்ந்திருந்தார். அவரைவிடத் தாழ்வாக இருக்க வேண்டுமென்று கல்லூரி முதல்வரம்மா பக்கத்துச் சேற்றில். இரண்டு பேரையும் மிஞ்சுவதற்காகப் பல் டாக்டர், மரம் நடத் தோண்டிய குழிக்குள் இறங்கி, தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தார்.

தோளில் பையோடு வந்த பச்சைச் சட்டைக்காரர் மட்டும் நேராகப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“திமிரைப் பாத்தீங்களா!” என்றது குழி.

பயிற்சி மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உடற்பயிற்சியோடு அடக்கத்தையும் கற்றுத்தரும் முகாம் அது. அகந்தை இல்லாத ஒரே ஓர் ஆளையாவது இன்றைக்குள் தேர்ந்தெடுத்துக் கடிதம் அனுப்பாவிட்டால் இந்தக் கிளைக்குப் பூட்டு என்று தலைமையகம் சொல்லிவிட்டது. கடிதத்தை எடுத்துப்போக ஆள்கூட வரச் சொல்லியாயிற்று. தேர்ந்தெடுக்கத்தான் ஆள் இல்லை.

“இங்க யாரும் தன்னைப் பத்திப் பேசக் கூடாது. ‘நான்’னு வாயைத் திறந்தா இருபது தண்டால்!” என்றார்.

பச்சைச் சட்டைக்காரர் எழுந்தார். “சார், நான் வந்து...”

“இருபது!”

எடுத்தார். மூச்சு வாங்க நிமிர்ந்தார். “அது இல்ல சார், நான் எதுக்கு வந்தேன்னா...”

“இன்னும் இருபது!”

அதையும் எடுத்துவிட்டுப் பெஞ்சோரம் ஒதுங்கி நின்றுகொண்டார்.

அடுத்தது ஓட்டம். “கடைசியா வர்றவங்கதான் ஜெயிச்சவங்க,” என்று மாஸ்டர் விசிலடித்தார். ஒருவரும் அசையவில்லை.

“நீங்க முன்னாடி போங்கம்மா.”

“ஐயோ, நீங்க பெரியவங்க. நீங்க போங்க.”

“கடைசி நான்தான்! குழியை விட்டு இன்னும் ஏறவே இல்லையே!” என்று டாக்டர் கத்தினார்.

“அதெப்படி? நான்தான் கடைசி!” என்று நீதிபதி கையை ஓங்கினார். முதல்வரம்மா சேற்றை அள்ளினார்.

மாஸ்டர் தலையில் கைவைத்துக்கொண்டு திரும்பினார். பெஞ்சோரம் பச்சைச் சட்டை, வியர்வை சொட்டச் சொட்ட, தோள்பையைக்கூட இறக்காமல் நின்றது.

“ஏங்க, நீங்க யாரு?”

அவர் வாயைத் திறந்தார். மூடினார். பேசாமல் குப்புறப் படுத்துத் தண்டால் எடுக்கத் தொடங்கினார்.

மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. “தன்னைப் பத்திச் சொல்றதுக்குப் பதிலா தண்டாலே மேல்னு படுத்துட்டாரே மனுஷன்! கெடைச்சிட்டாருப்பா!”

அந்த இடத்திலேயே எழுதினார்: ‘இக்கடிதத்தைக் கொண்டுவருபவரே எங்கள் கிளையில் அகந்தை அற்றவர். இவரையே தலைமைப் பயிற்சியாளராக ஏற்றுக்கொள்ளவும்.’ உறையில் போட்டு ஒட்டி, அரக்கு முத்திரை வைத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

அவர் வாங்கிப் பைக்குள் பத்திரமாகப் போட்டுக்கொண்டார்.

“இனிமே நீங்க தாராளமா ‘நான்’னு சொல்லலாம்,” என்றார் மாஸ்டர்.

“நான் கூரியர், சார்.”