பதிமூன்றாவது ரசீது

"இந்த ரசீதையெல்லாம் எழுதினது யாரு, மிஸ்டர் தெமெஸ்கன்?"

கேட்டவள் குடியேற்ற அதிகாரி ஹார்க்ரோவ் அம்மாள். முதல் ரசீதையும் கடைசி ரசீதையும் தனியே எடுத்து, சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டுக் கவிழ்த்து வைத்திருந்தாள். இருபத்திரண்டு வருஷ சர்வீசில் எத்தனையோ பொய்யைப் பார்த்தவள். இத்தனை துணிச்சலான பொய்யை இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

"என் முன்னாள் மனைவி யெஷி எழுதினது, மேடம். அடிஸ் அபாபால இருக்கா. பையன் அவகிட்டதான் வளர்றான்."

தெமெஸ்கன் இரவல் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தான். சற்று முன்தான் அமெரிக்கச் சரித்திரத்தில் ஆறு கேள்வி கேட்டார்கள், ஆறுக்கும் சரியாகச் சொல்லிவிட்டான். பெற்ற பிள்ளைக்கு ஒழுங்காகப் பணம் அனுப்பியவன் என்று காட்டிவிட்டால் குடியுரிமை கிடைத்த மாதிரிதான். கிடைத்த கையோடு மகன் பிருக்கை அழைத்துக்கொள்ள மனுப் போட்டுவிடலாம். யெஷியும் சம்மதித்துவிட்டாள்.

"பணத்தை எப்படி அனுப்புவீங்க? பேங்க்லயா?"

"கையிலதான் மேடம். நான் ஏர்போர்ட் டாக்ஸி ஓட்டறேன். எங்க ஊருக்குப் போறவங்க யாராவது மாசாமாசம் வண்டியில ஏறுவாங்க. இறக்கிவிடறப்போ முந்நூறு டாலரைக் கையில குடுத்துடுவேன். அவ வாங்கிக்கிட்டு ரசீது எழுதி வைப்பா. இப்ப எல்லாத்தையும் அங்கேயே இங்கிலீஷ்ல மாத்தி, முத்திரை வச்சு அனுப்பியிருக்கா."

"நீங்க படிச்சுப் பார்த்தீங்களா?"

"ஐயோ, உறையையே பிரிக்கலையே! மேல மூணு முத்திரை. பிரிச்சா செல்லாமப் போயிடுமோன்னு அப்படியே கொண்டாந்துட்டேன்."

நல்ல சாக்கு என்று நினைத்துக்கொண்டாள் அம்மாள்.

"வருஷத்துக்கு எத்தனை தடவை அனுப்புவீங்க?"

"பதிமூணு."

பென்சில் நின்றது. "மாசத்துக்கு ஒண்ணுன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"ஆமா, மாசத்துக்கு ஒண்ணுதான் மேடம். பதிமூணாவதை மட்டும் விட்டுடேன்னு ஒரு வருஷம் கெஞ்சிப் பார்த்தேன். 'அப்ப உன் பிள்ளை அந்த அஞ்சு நாளும் காத்தைக் குடிச்சுட்டுக் கிடப்பானா?'ன்னு போனை வச்சுட்டா. மூணு வாரம் எடுக்கவே இல்லை."

"உங்க குடும்பச் சண்டையை நான் கேக்கலை. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. சத்தியம் பண்ணியிருக்கீங்க, ஞாபகம் இருக்கட்டும். கல்யாணம் எப்ப ஆச்சு?"

"2013."

"மகன் பிறந்தது?"

"2015, ஜூன்."

"இந்த நாட்டுக்கு வந்தது?"

"2017, அக்டோபர். லாட்டரி விசா விழுந்துச்சு. யெஷி வர மாட்டேன்னுட்டா. முறிஞ்சது அதுலதான்."

"பணம் அனுப்ப ஆரம்பிச்சது?"

"வந்த ரெண்டாம் மாசமே."

"கடைசியா அனுப்பினது?"

"போன மாசம் மேடம். அதுக்கும் ரசீது இருக்கு பாருங்க."

சொல்லச் சொல்ல அவன் முகம் தெளிந்துகொண்டே வந்தது, அவள் முகம் இறுகிக்கொண்டே போனது. கடைசியில் ஃபைலை மூடிவிட்டாள்.

"பையன் பிறந்தது 2015. முதல் ரசீதுல இருக்கிற வருஷம் 2010. பிறக்காத பிள்ளைக்கு அஞ்சு வருஷமா பணம் அனுப்பியிருக்கீங்க. அப்ப உங்களுக்குக் கல்யாணமே ஆகலை!"

"மேடம், நான்..."

"இருங்க. கடைசி ரசீது 2017 ஜனவரி. இந்த ஊர்ல கால் வைக்கிறதுக்கு முன்னாடியே நிறுத்தியாச்சு. டாலர்ல சம்பாதிக்க ஆரம்பிச்ச பிறகு, இந்த ஏழு வருஷத்துல ஒரு ரசீதுகூட இல்லை."

தெமெஸ்கன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். "ஒரு மாசம்கூடத் தவறலை மேடம். என் பிள்ளை மேல சத்தியமா..."

"எந்தப் பிள்ளை மேல? 2015ல பிறந்தவனா, இல்லை எங்ககிட்ட சொல்லாம இன்னொருத்தன் இருக்கானா?"

"ஒரே பிள்ளைதான் மேடம்!"

"அப்ப இது பொய் ரசீது. பொய்ன்னு நான் எழுதிட்டா குடியுரிமை கிடைக்காது. கையில இருக்கிற கிரீன் கார்டுக்கும் ஆபத்து. புரியுதா?" கவிழ்த்து வைத்திருந்த இரண்டு ரசீதையும் திருப்பி அவன் பக்கம் தள்ளினாள்.

தெமெஸ்கன் குனிந்து முதல் ரசீதைப் பார்த்தான். பிறகு கடைசி ரசீதைப் பார்த்தான். தலை நிமிரவில்லை. தோள் மட்டும் குலுங்க ஆரம்பித்தது.

அம்மாளுக்குக் கொஞ்சம் மனம் இளகிவிட்டது. காகிதக் கைக்குட்டைப் பெட்டியை அவன் பக்கம் நகர்த்தினாள். அப்போதுதான் தெரிந்தது, அவன் அழவில்லை, சிரிக்கிறான்.

"சிரிக்கிறீங்களா? மிஸ்டர் தெமெஸ்கன், இன்னிக்கு என்ன தேதின்னாவது உங்களுக்குத் தெரியுமா?"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"எந்த ஊர்த் தேதி மேடம்? இங்க 2025. எங்க ஊர்ல வருஷத்துக்குப் பதிமூணு மாசம், கடைசி மாசம் அஞ்சே நாள், இப்பத்தான் 2017 நடக்குது!"