வளைவில் தெரிந்த அருவி

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவருக்கு வண்டி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இருந்திருந்தால் முதலாளி அன்றைக்கு ஸ்டியரிங்கைத் தொட்டிருக்கவே மாட்டார்.

தொட வைத்தவர் மாஸ்டர்.

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். "புதுக் கிளை திறந்தா நீங்கதான் மாஸ்டர் பொறுப்பு" என்று முதலாளி என்றோ சொன்னதை நம்பி, மாஸ்டரின் மனைவி தெரு முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டாள். கிளைக்குப் பெயிண்ட் அடித்து முடிந்த பிறகுதான், தன் தம்பி சும்மா இருக்கிறான் என்பது முதலாளியின் மனைவிக்கு ஞாபகம் வந்தது. சும்மா இருப்பதைத் தவிர வேறு தொழில் பழகாத பிள்ளை. ஆனாலும் பள்ளியில் எல்லோருக்கும் அவன் 'சின்ன சார்'.

"யாருக்குன்னு திங்கட்கிழமை சொல்றேன்" என்று முதலாளி மழுப்ப ஆரம்பித்ததும் மாஸ்டருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

அன்றிலிருந்து மனிதர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். வாயாடியை நம்பலாம், வாய் மூடியவனை நம்பக் கூடாது. ஒருநாள் லீவு போட்டுவிட்டுத் தனியாக பஸ் ஏறி மலைக்குப் போய் வந்தார். போனவர் பனியையும் பார்க்கவில்லை, பூவையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு வளைவாக நின்று, கீழே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

சாயங்காலம் கொடியில் துணி எடுக்க வந்த பக்கத்து வீட்டுக்காரி, மாஸ்டர் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஒரே சட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக நின்றாள். காரணம் இருந்தது.

"தடுப்புச் சுவர் இடிஞ்ச வளைவு ஒண்ணு இருக்கு. கீழ பார்த்தாலே தலை சுத்துது. ஒரு நொடி வேலைதான்."

"எனக்குப் படபடன்னு வருதுங்க. ஏடாகூடமா ஏதாவது ஆயிட்டா?"

"அதெல்லாம் ஆகாது. அப்புறம் கிளை நம்மளோடது. அந்தப் பய வாயே திறக்க முடியாது."

சட்டை கீழே விழுந்தது.

அந்த வாரக் கடைசியிலேயே மலைப் பயணம் ஏற்பாடாயிற்று. யோசனை மாஸ்டருடையது, செலவு முதலாளியுடையது. அதனால் வாடகைக்கு ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது.

"நம்ம வண்டிய மலை ஏத்தினா கிளட்ச் தேஞ்சு போகும். இதுன்னா எவன் கிளட்சோ!" என்றார் முதலாளி பெருமையாக.

போகும்போது மாஸ்டர் ஓட்டினார். பின் சீட்டில் பள்ளியின் ஆபீஸ் வேலைகளைப் பார்க்கும் அக்காவும், ஏறியதுமே தூங்கிவிட்ட சின்ன சாரும். உச்சியில் ஆளுக்கொரு பன் தின்று, டீ குடித்து, மேகத்தோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கிளம்பும்போது மாஸ்டர் சாவியை முதலாளியிடம் நீட்டினார்.

"நீங்க ஓட்டுங்க சார். முதலாளி ஓட்டி நாங்க உட்கார்ந்து வர்ற பாக்கியம் மறுபடி எப்ப கிடைக்கப் போவுது?"

"வேணாம் சார்" என்று அலறினார் அக்கா. "எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

"ஏம்மா, நான் டிரைவிங் ஸ்கூலே நடத்துறவன்!"

"அதனாலதான் சார் பயமே."

புகழ்ச்சிக்கு முன்னால் பயமாவது, பிள்ளையாவது. முதலாளி ஓட்டினார். மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து வளைவுகளையே வெறித்துக்கொண்டு வந்தார். தானும் அதே வண்டியில்தானே இருக்கிறோம் என்று ஒரு மனிதனுக்குத் தோன்றாதா? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்!

இடிந்த சுவர் தெரிந்தது.

"சார்! அந்தப் பக்கம் பாருங்க, அருவி!"

முதலாளி தலையைத் திருப்பினார். தலையோடு கையும் திரும்பியது, கையோடு காரும் திரும்பியது. அங்கே அருவியும் இல்லை, குருவியும் இல்லை, பள்ளத்துக்கு அப்பால் மொட்டைப் பாறை. சக்கரத்தடியில் சரளைக்கல் சிதறியது, தார்ச்சாலை நழுவியது, கண்ணாடிக்கு முன்னால் வெறும் ஆகாயம் நின்றது.

"ஐயோ, என் பிள்ளைங்க!" என்று அக்கா வீறிட்டார். முதலாளி ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

அந்தச் சத்தத்தில் விழித்த சின்ன சார், எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் முன்னால் சரிந்து, கைக்குக் கிடைத்ததைப் பிடித்து இழுத்தார். கிடைத்தது ஹேண்ட்பிரேக். கார் முனகிக்கொண்டே இழுபட்டு, முன்சக்கரம் ஒன்று அந்தரத்தில் சுற்ற, நின்றேவிட்டது.

ஒருவர் பின் ஒருவராகப் பின்கதவு வழியாக இறங்கினார்கள். முதலாளி மச்சினனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார்.

"என் உயிரைக் காப்பாத்தின தெய்வம்டா நீ! திங்கட்கிழமை எதுக்கு, இப்பவே சொல்றேன். கிளை உனக்குத்தான்!"

"வீடு வந்திருச்சா அத்தான்?" என்று கேட்டார் தெய்வம்.

மாஸ்டர் மட்டும் இறங்கவில்லை. முகம் பேயறைந்தது போல் வெளுத்திருந்தது. அக்கா குனிந்து எட்டிப் பார்த்தார்.

"மாஸ்டர்! வண்டிதான் நின்னுடுச்சே, இன்னும் ஏன் வலது காலால தரையை அந்த மிதி மிதிக்கிறீங்க?"

கடைசி நொடியில் தானே பிரேக்கை மிதித்து முதலாளியைக் காப்பாற்றிக் கிளையை வாங்கிவிடத் திட்டம் போட்ட மனிதருக்கு, பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் வைத்திருப்பது பயிற்சிப் பள்ளிக் காரில் மட்டும்தான் என்பது ஞாபகமே வரவில்லை.