மூத்தவன் சாத்திய கதவு

அறுவடைத் திருநாள் மத்தியானம். கோஜே தீவின் கணினி விளையாட்டுக் கடையில் மான்சிக்கும் தம்பி துக்சூவும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். காலையில் அப்பாவுக்கு வைத்த படையலில் துக்சூ முதல் கிண்ணம் அரிசி மதுவை ஊற்றப் போனான். மூத்தவன் நானிருக்க நீயா என்று மான்சிக் அவன் கையைத் தட்டிவிட்டான். தம்பியின் சட்டைக் கையில் சிந்திய மதுவின் வாடை இன்னும் போகவில்லை. படுக்கையில் கிடந்த அப்பாவைக் கடைசிவரை குளிப்பாட்டிய கை அது. திரையின் நீல வெளிச்சம் அதன்மேல் விழுந்து விழுந்து மறைகிறது. மான்சிக் ஆடும் விளையாட்டின் கதையில் அவன் இளைய இளவரசன். அண்ணன்காரன் கோட்டைக் கதவை அவன் முகத்துக்கு நேரே சாத்துகிறான். மான்சிக்குக்குப் பொறுக்கவில்லை. “த்தூ, நீயெல்லாம் ஒரு அண்ணனாடா? கூடப் பொறந்தவன்டா அவன்.” சொன்னதும் அவன் கண் தம்பியின் சட்டைக் கைக்குப் போகிறது. துக்சூ தன் திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல் நூடுல்ஸ் கிண்ணத்தை இந்தப் பக்கம் தள்ளுகிறான். “மூத்தவன்ல, அப்படித்தான்ணே இருப்பான். ஆறிடப்போவுது, சாப்பிடு.” சற்றைக்கெல்லாம் கதையின் அண்ணன் தோற்று மண்டியிடுகிறான். மன்னிக்கவா, வெட்டவா என்று திரை கேட்கிறது. துக்சூ எட்டிப் பார்க்கிறான். “மன்னிச்சு விட்டுருண்ணே. இல்லன்னா கதை நகராது.” மான்சிக்கின் விரல் பொத்தான்மேல் கிடக்கிறது. பக்கத்திலிருந்து அரிசி மது வாடை வந்துகொண்டே இருக்கிறது. திரும்பிப் பார்க்க அவனுக்கு முகமில்லை.