இருவருக்கும் பொது

காலியாகிவரும் கூடத்தில் ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் தங்கை மடிக்கணினியை வைத்திருக்கிறாள். திரைச்சீலை கழற்றிய ஜன்னல் வழியாக வெயில் தாராளமாக உள்ளே வருகிறது. அம்மா ஒரு சின்ன வீட்டுக்குக் குடிபோகிறாள். மிச்சமாகும் சாமான்களில் தனக்கு எது வேண்டும் என்று அக்காவும் தங்கையும் தனித்தனியே பட்டியல் போட்டிருக்கிறார்கள். இரண்டையும் ஒப்பிட்டு, இருவரும் கேட்பதை மட்டும் பிரித்துக் காட்டும் குட்டி நிரல் தங்கை எழுதியது. முன்பு ஒரு மேஜை விளக்குக்காக இருவருக்கும் ஆறு மாதம் பேச்சுவார்த்தையே இல்லை. தங்கை கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அமுக்குகிறாள். பொது: பூஜ்யம். "அப்பாடா, சண்டையே இல்லடி!" என்று அக்கா கைதட்டுகிறாள்.

தட்டுகளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் அம்மா, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எட்டிப்பார்க்கிறாள். "ரெண்டு பேர் லிஸ்ட்லயும் கடைசில என்னையும் போட்டிருக்கீங்களே, அது பொது இல்லையா?" தங்கை உற்றுப் பார்க்கிறாள். அக்கா 'அம்மா'வுக்குப் பின்னால் தெரியாமல் ஓர் இடைவெளியைத் தட்டியிருக்கிறாள்; கணினி அதை வேறு ஆளாக எடுத்துக்கொண்டிருக்கிறது. நிரலில் ஒரு வரியைத் திருத்தி மறுபடி அமுக்குகிறாள். பொது: ஒன்று. அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். "நான் என்ன பீரோவா, பங்கு போட?" அம்மா இடுப்பிலிருந்து புது வீட்டுச் சாவியை எடுத்து ஆட்டிக்காட்டுகிறாள். "என் லிஸ்ட்ல நீங்க ரெண்டு பேருமே இருக்கீங்க. ஞாயித்துக்கிழமை மட்டும்."